ஏஐ ஆலோசகருக்கு 1,770 ரூபாய் கொடுத்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது எந்த ஆப்பைப் பற்றியும் இல்லை. ஏஐ ஆலோசகர் என்று போட்டுக்கொள்ளும் ஒருவரிடம் நாற்பது நிமிட முதல் ஆலோசனைக்குப் பணம் கட்டினோம், அது எப்படிப் போனது, காசுக்குத் தகுமா என்பதுதான் விஷயம். கட்டணம் 1,500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 270, ஆக 1,770. பேசியது போன வைகாசியில். இப்போது தை. ஒரு சீசன் முழுக்க ஓடி முடிந்த பிறகு எழுதுகிறேன், ஏனென்றால் பேசி முடித்த சூட்டோடு எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன், இரண்டு நாள் கழித்து அவர் அனுப்பிய குறிப்பைப் பார்த்த கடுப்பில் எழுதியிருந்தால் இரண்டு.

நாங்கள் சிவகாசியில் காலண்டர் போடுகிறோம். பெரிய கை எல்லாம் கிடையாது. படம் அச்சான அட்டையை மொத்தமாக வாங்கி, அடியில் காலியாக விட்டிருக்கும் இடத்தில் கடைக்காரர் பெயர், முகவரி, போன் நம்பர் அடித்து, நாள்தாள் கட்டைச் சேர்த்துப் பின் அடித்து, பார்சல் போட்டு லாரி ஆபீசில் ஏற்றுவது வரை எங்கள் வேலை. ஆடிப்பெருக்கன்று புது ஆல்பம் வெளிவரும். அன்றிலிருந்து ஏஜெண்டுகள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள், புரட்டாசிக்கு மேல் ஆர்டர் கொட்ட ஆரம்பிக்கும், கார்த்திகையில் எவனும் வீட்டுக்குப் போய்த் தூங்க மாட்டான். இந்தத் தொழிலில் பிழை என்றால் பெரும்பாலும் ஒரே பிழைதான், பெயரில் ஓர் எழுத்து அல்லது நம்பரில் ஓர் இலக்கம். வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கப்போகிற சாமான் இல்லையா, கடைக்காரர் வாங்க மாட்டார், வாங்கினாலும் பாக்கியைத் தர மாட்டார்.

ஆர்டர் எல்லாம் இப்போது வாட்ஸப்பில்தான் வருகிறது. விசிட்டிங் கார்டின் பின்பக்கம், பழைய பில்லின் ஓரம், ஒருமுறை ஆஸ்பத்திரி மருந்துச் சீட்டின் முதுகு, எதில் வேண்டுமானாலும் மேட்டரை எழுதி ஏஜெண்ட் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார். எங்கள் டிடிபி அக்கா அதைப் பார்த்து டைப் அடிப்பார். பத்தொன்பது வருஷமாக எங்களிடம் இருக்கிறார். சாட்ஜிபிடியில் கையெழுத்துப் போட்டோவைப் போட்டால் அதுவே படித்துக் கொடுத்துவிடும் என்று யாரோ அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. ஊரே ஏஐக்குப் போயாச்சு, நாம இன்னும் டைப் அடிச்சுக்கிட்டு இருக்கோம்.

இந்த 1,770க்கு முன்னால் ஓர் இலவச ஆலோசனை நடந்தது. அதைச் சொல்லாமல் இதன் அருமை புரியாது. ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், நேரிலேயே இரண்டு பேரை அனுப்பியது. ஒரு மணி நேரம் லேப்டாப்பில் படம் காட்டினார்கள். எங்களிடம் கேட்ட கேள்வி இரண்டே இரண்டு: வருஷத்துக்கு எவ்வளவு வியாபாரம், முடிவு எடுப்பவர் யார். மற்ற நேரம் முழுக்க அவர்கள்தான் பேசினார்கள். வாடிக்கையாளருக்கு ரேட் சொல்ல ஒரு சாட்பாட், சாமி படம் வரைய ஒரு ஏஐ, நாள்தாளில் போடும் பஞ்சாங்க விவரத்தையும் ஏஐயே எழுதிவிடும் என்று ஒரு போடு. அண்ணன் அதுவரை தலையாட்டிக்கொண்டு இருந்தவர், பஞ்சாங்கம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராகு காலம் கிழமைக்குக் கிழமை ஒன்றுதான், திங்கள் ஏழரை ஒன்பது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். முகூர்த்த நாளும் திதி நட்சத்திரமும் அப்படியா? வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் நாழிகை வித்தியாசம் வந்தாலே போன் போட்டுச் சண்டைக்கு வருகிற ஆட்கள் இருக்கிற ஊர் இது. சாமி படத்துக்கு அங்கேயே ஒரு மாதிரி போட்டுக் காட்டினார்கள். ஆறுமுகனை எண்ணிப் பார்த்தால் ஏழு முகம். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த முருகனைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முன்னால் இதை நீட்டினால் எப்படி இருக்கும். ஆரம்பச் செலவு 1.85 லட்சம், அப்புறம் மாதம் 12,000 என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள் சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கிளம்பினார்கள். பட்டியலை அனுப்பவில்லை. அண்ணன் அனுப்பத்தான் இருந்தார், போனில் சார்ஜ் இல்லை.

அதற்கப்புறம்தான் எங்கள் ஆடிட்டர் இந்த மேடத்தின் நம்பரைக் கொடுத்தார். மதுரையில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், கூட ஆட்கள் கிடையாது, தனி ஆள். முதல் பேச்சுக்கே காசா என்று எனக்கும் உறுத்தியது. பணம் கட்டிய அன்று சாயங்காலம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "சார், நல்லபடியா முடிஞ்ச ஆர்டர் வேண்டாம். போன சீசன்ல உங்களைப் படுத்தி எடுத்த ஆர்டரா பார்த்து இருபது அனுப்புங்க. போன் நம்பர் மேல பேப்பரை வச்சு மறைச்சிட்டு போட்டோ எடுங்க. வாட்ஸப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமெண்ட்டா அனுப்புங்க. அப்புறம், இதை யார் டைப் அடிக்கிறாங்களோ அவங்களும் பேசுறப்போ பக்கத்துல இருக்கட்டும்."

ஏன் டாக்குமெண்ட்டாக என்று கேட்டேன். வாட்ஸப் போட்டோவை அமுக்கி அனுப்புகிறது, பென்சில் எழுத்து அதிலேயே பாதி கரைந்துவிடும், டாக்குமெண்ட்டாகப் போனால் எடுத்தது எடுத்தபடி போகும் என்றார். பத்து வருஷமாக வாட்ஸப்பில் ஆர்டர் எடுக்கிறோம், இதை ஒருத்தரும் சொன்னதில்லை. அன்றைக்கே எல்லா ஏஜெண்டுக்கும் சொல்லிவிட்டோம். 1,770இல் ஓர் ஐந்நூறு அங்கேயே கழிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேசுவது கூகுள் மீட்டில். முதல் ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன், இரண்டு வரியில் முடித்துவிட்டார். "வர்ற கார்த்திகையில என்ன நடக்காம இருந்தா நிம்மதியா இருக்கும்?" என்று கேட்டார். என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் அண்ணன் வேகமாக டைப் ஆகணும் என்று சொல்லியிருப்பார், சொல்லத் தயாராகவும் இருந்தார். நடக்காமல் இருக்க வேண்டியது என்றதும், இரண்டு பேருக்கும் வாயில் வந்தது ஒன்றுதான், திருப்பி அடிக்கிறது. போன சீசனில் ஒன்பது வேலை திருப்பி அடித்தோம். ஒன்றுக்கு முந்நூறு அட்டை, ஐந்நூறு அட்டை, எல்லாம் கூட்டிப் பார்த்தால் 65,000 ரூபாய்க்குப் பக்கம் குப்பைக்குப் போனது. அந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். எது தப்பு, யார் கண்டுபிடித்தார்கள், அதற்கு முன்னால் யார் யார் கையைத் தாண்டி வந்தது. ஒன்பதில் ஆறு போன் நம்பர். அந்த ஆறிலும் சரிபார்க்கும் மாதிரியான புரூஃபை அனுப்பி, வாடிக்கையாளர் கட்டை விரலைக் காட்டி, அதற்கப்புறம்தான் அச்சு பிளேட்டுக்குப் போயிருந்தது.

அப்புறம் ஒரே ஓர் ஆர்டரை எடுத்து, ஏஜெண்ட் போட்டோ எடுத்த நிமிடத்திலிருந்து லாரி ஆபீஸ் வரை நேரத்தோடு சொல்லச் சொன்னார். இதை நாங்கள் சொல்லவில்லை, அக்காதான் சொன்னார், எங்களுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. டைப் அடிக்க ஆறு நிமிடம். புரூஃப் போட்டு அனுப்ப ஐந்து நிமிடம். வாடிக்கையாளர் ஓகே சொல்ல இரண்டு நாள். சில பேர் நாலு நாள், நடுவில் அக்கா மூன்று தடவை போன் பண்ண வேண்டும்.

மேடம் எங்கள் எதிரிலேயே கணக்குப் போட்டார். வருஷத்துக்குச் சுமார் 1,400 ஆர்டர், ஒன்றுக்கு ஆறு நிமிடம், 8,400 நிமிடம், 140 மணி நேரம். ஏஐ அதில் பாதியை மிச்சம் பண்ணினால் 70 மணி நேரம். அக்காவின் சம்பளக் கணக்கில் அது பத்தாயிரம் ரூபாய்கூட வராது. "இதுக்கா சார் 1.85 லட்சம்?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேஜையில் கிடந்த அந்தக் கொட்டேஷன் தாளைத் திருப்பிப் போட்டேன்.

இந்த இடத்தில் அக்கா கேட்டுவிட்டார். "மேடம், அப்போ என் வேலை போயிருமா, போகாதா? நேரா சொல்லிருங்க." ரூமில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மேடம் போகாது என்று வாக்குக் கொடுத்திருந்தால் எனக்கு அவர் மேல் மரியாதை போயிருக்கும், ஏனென்றால் அக்காவுக்குச் சம்பளம் கொடுப்பது அவர் இல்லை. "அது சார் முடிவு பண்றது, என்கிட்ட பதில் இல்ல. ஆனா இந்த இருபது சீட்டையும் படிக்கத் தெரிஞ்ச ஆள் இந்த ரூம்ல நீங்க மட்டும்தான். இப்போ மெஷினும் படிக்கட்டும், நீங்க மார்க் போடுங்க" என்றார். அக்கா சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கிரீன் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

ஆறு சீட்டைப் போட்டுப் பார்த்தோம். நாலு சரி. அதில் ஒன்றை நானே படித்திருக்க முடியாது, உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்தது. ஐந்தாவதில் கடைப் பெயர் "சன்முகா". கடைக்காரர் ஜோசியம் பார்த்து எண்கணிதப்படி இரண்டு சுழி ன போட்டு வைத்த பெயர் அது, போர்டிலும் அப்படித்தான் இருக்கிறது. மெஷின் அதைத் திருத்தி மூன்று சுழி ண போட்டு "சண்முகா" என்று அழகாகக் கொடுத்தது. தமிழ் வாத்தியார் பாராட்டுவார், கடைக்காரர் அட்டையை முகத்தில் விட்டெறிவார். ஆறாவது சீட்டு ஓரத்தில் கிழிந்தது, பின்கோடில் கடைசி இரண்டு எண் இல்லை. மெஷின் ஆறு எண்ணையும் முழுசாகக் கொடுத்தது. அக்கா உடனே, "இது அந்த ஊர் பின்கோடு இல்ல, பக்கத்து ஊரு" என்றார். மேடம் சிரித்துவிட்டு, "தெரியலைன்னா தெரியலைன்னு நிறுத்தாது, நிரப்பிடும். நீங்க கவனிக்க வேண்டியது அதைத்தான்" என்றார். நம்பர்களை மறைத்து அனுப்பியிருந்ததால் இலக்கத்தைச் சோதிக்க முடியவில்லை, அதற்கு அக்காவையே ஒரு தாளில் இஷ்டத்துக்கு ஒரு நம்பரைக் கிறுக்கச் சொன்னார். ஏஜெண்டுகள் எழுதுகிற மாதிரியே 1ஐ 7 போலவும், 7ஐ 1 போலவும் எழுதினார் அக்கா. மெஷின் தோற்றது. அக்கா முகத்தில் அன்றைக்கு இருந்த சிரிப்பை ஆயுத பூஜைக்குப் போனஸ் கொடுத்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

எழுத்துரு விவகாரம் வந்தது தற்செயலாக. பழைய வேலை ஒன்றைத் திறந்து, நாங்கள் வடிவமைக்கும் மென்பொருளான கோரல் டிராவில் இருக்கும் ஒரு வரியை அப்படியே காப்பி பண்ணி மீட் சாட்டில் ஒட்டச் சொன்னார். ஒட்டினோம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக ஒரு குப்பை வந்து விழுந்தது. டிடிபி வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. எல்லாக் கணினியும் தமிழைத் தமிழாகவே புரிந்துகொள்ளும் யூனிகோடு முறைக்கு முந்தைய காலத்து ஃபாண்ட், ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தது. திரையில் பார்த்தால் தமிழ், உள்ளே தமிழ் இல்லை. எங்களுடைய பதினைந்து வருஷத்துக் கோப்பு மொத்தமும் இப்படித்தான் இருக்கிறது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல். அச்சகங்களில் பாதி அந்த ஆணையைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன், நாங்கள் உட்பட. இதன் அர்த்தம் என்னவென்றால், மெஷினுக்கு இந்தப் பழைய கோப்புகள் எழுத்தாகப் புரியாது. மெஷின் கொடுக்கிற யூனிகோடு தமிழை எங்கள் பழைய கோரல் டிராவில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். மாற்றித் தருகிற மென்பொருள்கள் உண்டு, இலவசமாகவே கிடைக்கும், ஆனால் அதுவும் இடையில் ஒரு வேலை, அதிலும் ஒரு பிழை வரலாம். அந்த 1.85 லட்சக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் இதைக் கேட்கவே இல்லை. வேலை ஆரம்பித்த பிறகு கண்டுபிடித்திருப்பார்கள், அதற்குத் தனியாக ஒரு பில் வந்திருக்கும்.

சாட்பாட் ஆசை அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருந்தது. வாடிக்கையாளர் ராத்திரி பதினோரு மணிக்கு ரேட் கேட்டால் அதுவே சொல்லிவிடுமே என்றார். மேடம் ஏர் கனடா வழக்கைச் சொன்னார். அந்த விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த சாட்பாட், பாட்டி இறந்து ஊருக்குப் போக வேண்டியிருந்த ஒருவரிடம், இப்போது முழுக் கட்டணம் கட்டுங்கள், துக்கக் காரியத்துக்கான சலுகையைப் பிறகு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம் என்று தப்பாகச் சொல்லிவிட்டது. கம்பெனி தர மறுத்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம், உங்கள் தளத்தில் இருப்பது சொன்னதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று பணத்தைக் கொடுக்கச் சொன்னது. காகித விலை மாதத்துக்கு ஒரு தடவை ஏறுகிற ஊரில், ராத்திரி பதினோரு மணிக்கு நம் பெயரில் ஒன்று போன வருஷத்து ரேட்டைச் சொல்லி வைத்தால்? அண்ணன் சாட்பாட்டை அத்தோடு விட்டார்.

கடைசியில் அவர் சொன்ன யோசனை மூன்று. முதல் இரண்டில் ஏஐயே இல்லை. புரூஃபில் இருக்கிற நம்பருக்கு, பிளேட் போடுவதற்கு முன்னால், அதைப் பார்த்தே டயல் பண்ண வேண்டும், டைப் அடித்த கோப்பைப் பார்த்து இல்லை, அச்சுக்குப் போகிற புரூஃபைப் பார்த்து. இரண்டாவது, வாடிக்கையாளர் கட்டை விரல் காட்டினால் ஓகே கிடையாது, தன் நம்பரைத் தானே டைப் அடித்து அனுப்ப வேண்டும், அது வந்தால்தான் வேலை நகரும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூன்றாவதில்தான் ஏஐ. அக்கா எப்போதும் போல டைப் அடிக்கட்டும். அடித்து முடித்த புரூஃபையும் ஏஜெண்ட் அனுப்பிய போட்டோவையும் சேர்த்து மெஷினிடம் கொடுத்து, இரண்டுக்கும் எங்கே வேறுபாடு என்று மட்டும் கேட்கலாம், திருத்தாதே என்றும் சொல்லிவிட வேண்டும். அக்கா செய்கிற பிழையும் மெஷின் செய்கிற பிழையும் ஒரே இடத்தில் விழுவது அபூர்வம் என்பது அவர் கணக்கு. முடிவு அக்காவுடையது. போன் நம்பரை மறைத்துவிட்டுக் கொடுங்கள், நம்பரைத்தான் டயல் பண்ணிப் பார்க்கிறீர்களே என்றார். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் இரண்டு நிமிடம் சொன்னார், நாம் கொடுக்கிற பேச்சை வைத்து மெஷினைப் பழக்க அனுமதிக்கும் சுவிட்ச் ஒன்று அமைப்புகளில் இருக்கிறது, அதை அணைத்து வையுங்கள் என்று காட்டியும் கொடுத்தார். ஏஐக்குத் தமிழ் என்றால் செலவு அதிகம் என்கிறார்களே, ஏன் என்று அண்ணன் கேட்டதற்கு, மெஷின் வார்த்தைகளைத் துண்டு துண்டாக வெட்டித்தான் படிக்கிறது, ஆங்கிலத்தைவிடத் தமிழ் அதிகத் துண்டாகிறது, காசு துண்டுக்கு இவ்வளவு என்று, ஆனால் உங்கள் அளவுக்கு அது டீ செலவுதான் என்றார்.

இனி குறைகள். ஆரம்பிக்க ஏழு நிமிடம் தாமதம், அவர் பக்கம் நெட் போய்விட்டது. அதைக் கடைசியில் கூட்டிக் கொடுத்துவிட்டார், அது பரவாயில்லை. வாய்க்கு வாய் "ஒர்க்ஃப்ளோ" என்றார். அண்ணன் பாதி நேரம் அச்சு மெஷினில் இங்க் ஃப்ளோவைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு இருந்தார். பெரிய குறை வேறு. பேசிக்கொண்டு இருந்தபோது திரையில் தனியாக ஒரு கறுப்புக் கட்டம் இருந்தது. அண்ணன்தான் "யாரு மேடம் அது, பேசவே மாட்டேங்கிறாரு?" என்று கேட்டார். குறிப்பு எடுக்கும் ஏஐயாம். எங்களைக் கேட்டுவிட்டு அல்லவா உள்ளே விட்டிருக்க வேண்டும்? வாடிக்கையாளர் தகவலைப் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லுகிறவர் எங்கள் பேச்சை எங்களுக்குச் சொல்லாமல் பதிவு செய்வது என்ன நியாயம். மன்னிப்புக் கேட்டு உடனே வெளியே அனுப்பினார், அதற்குள் இருபது நிமிடம் ஓடியிருந்தது.

அந்த இருபது நிமிடத்தை வைத்து அது எழுதிய குறிப்பைத்தான் இரண்டு நாள் கழித்து அப்படியே எங்களுக்கு அனுப்பி வைத்தார். முழுக்க ஆங்கிலம். அதில் நாங்கள் ஆடி காரின் பதினெட்டாவது மாடலை வெளியிடும் நாளில் புது ஆல்பம் போடுகிறோம் என்று இருந்தது. பிளேட் போடுவதற்கு முன் என்பது சாப்பாட்டுத் தட்டு பரிமாறுவதற்கு முன் என்று ஆகியிருந்தது. மெஷின் நிரப்பிவிடும், மனுஷன் படித்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு நாற்பது நிமிடம் பாடம் எடுத்தவர் தானே படித்துப் பார்க்கவில்லை. போன் பண்ணிச் சொன்னேன். சத்தமே வரவில்லை. அன்று இரவே தன் கையால் ஒன்றரைப் பக்கம் தமிழில் எழுதி அனுப்பினார். அது நன்றாக இருந்தது. பிரிண்ட் எடுத்து அக்கா மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.

கூடவே ஒரு விலைப்பட்டியலும் வந்தது, மூன்று மாத முன்னோட்டத் திட்டம் என்று. முப்பது நாளுக்குள் சேர்ந்தால் இந்த 1,500 அதில் கழிக்கப்படும். நாங்கள் சேரவில்லை, இப்போதைக்குத் தேவைப்படவில்லை. ஒருமுறை கேட்டார், வேண்டாம் என்றோம், அதற்கப்புறம் தொல்லை பண்ணவில்லை. முதலில் வந்தவர்கள் இன்னும் மாதம் ஒரு தடவை வேறு வேறு நம்பரிலிருந்து கூப்பிடுகிறார்கள்.

சீசன் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். ஒன்பதாக இருந்த திருப்பி அடிப்பு இரண்டாகக் குறைந்தது. ஒன்று வாடிக்கையாளரே மனசு மாறிப் பெயரை மாற்றியது, அதற்குக் காசு வாங்கிவிட்டோம். இன்னொன்று எங்கள் தப்பு. நம்பருக்கு அடித்தோம், ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை, ரிங் போனதே, நம்பர் உயிரோடு இருக்கிறது என்று பிளேட் போட்டுவிட்டோம். உயிரோடுதான் இருந்தது, வேறு யாரிடமோ. இப்போது எடுத்துப் பேசினால்தான் கணக்கு. மெஷின் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை புரட்டாசி வரை ஒழுங்காக நடந்தது, ஐப்பசி கடைசியில் கூட்டம் நெரித்ததும் அக்கா தமிழ்ப் பெயர் நீளமாக இருக்கும் ஆர்டருக்கு மட்டும் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார், நானும் சரி என்றேன். மேடத்திடம் இதைச் சொல்லவில்லை.

யாருக்கு இது பயன்படும்? ஏஐயை வைத்து என்ன செய்யலாம் என்று ஒன்றும் புரியாமல், கையில் ஒரு பெரிய கொட்டேஷனை வைத்துக்கொண்டு முழிப்பவர்களுக்குத் தாராளமாகப் பயன்படும். என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் நேராகச் செய்து கொடுக்கிற ஆளிடம் போகலாம், இந்த நாற்பது நிமிடம் அவர்களுக்கு வீண். போவதாக இருந்தால் வேலை செய்கிற ஆளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், முதலாளிகள் மட்டும் பேசினால் எங்கள் கதைதான். கறுப்புக் கட்டம் ஏதாவது திரையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு நட்சத்திரம் போடுகிறேன். ஒன்றைக் கழித்தது அந்தக் குறிப்புக்காக.

மார்கழியில் அவரே கூப்பிட்டு, தன் பெயர் போட்டு ஐம்பது காலண்டர் வேண்டும், வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க என்றார். ஐம்பதெல்லாம் நாங்கள் போடுவதில்லை, அவருக்காகப் போட்டோம். மேட்டரை ஒழுங்காக டாக்குமெண்ட்டாகத்தான் அனுப்பினார். புரூஃப் போனதும் கட்டை விரலைக் காட்டினார். அக்கா நம்பரை டைப் அடித்து அனுப்பச் சொல்லிவிட்டு, புரூஃபைப் பார்த்து அந்த நம்பருக்கு அடித்தார். எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருந்தாராம், திரும்பக் கூப்பிட்டபோது ராத்திரி ஒன்பதரை, அச்சு மெஷின் ஓட்டுகிறவர் வீட்டுக்குப் போயிருந்தார். பிளேட் மறுநாள்தான் போட்டோம்.